தேம்ஸுக்கு அடியில் 18 ஆண்டுகள்: புரூனெலின் கவசம் வென்றதா, தோற்றதா?

செங்கல்சூளை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கொல்கத்தாவில் ஹூக்ளிக்கு அடியில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது, ஆற்றின் கீழுள்ள 520 மீட்டரை இயந்திரம் 66 நாளில் கடந்ததாகப் படித்தேன். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில், இரு கரைகளிலுள்ள ராதர்ஹைத்துக்கும் வாப்பிங்குக்கும் இடையே பொறியாளர் மார்க் புரூனெல் கட்டிய சுரங்கப்பாதையின் நீளம் 396 மீட்டர்தான். 1825-இல் தொடங்கினார். மக்கள் அதில் நடந்தது 1843 மார்ச் 25 அன்று.

அந்த வேலை நடந்த விதத்தைப் பல மாதங்களாகப் படித்துவருகிறேன். படிக்கப் படிக்க வியப்பு கூடுகிறது. தோண்டும்போது மண் சரியாமல் தாங்க அவர் செய்த இரும்புக் கவசத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பன்னிரண்டு இரும்புச் சட்டங்கள். அலமாரியில் புத்தகங்களை நெருக்கி அடுக்கியதுபோல் பக்கம் பக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அறைகள். மொத்தம் 36 அறைகள், அறைக்கு ஓர் ஆள். ஒவ்வொருவருக்கும் எதிரே மண். அந்த மண் சரியாமலிருக்க, படுக்கை வாட்டில் பலகைகளை அடுக்கி, ஒவ்வொரு பலகையையும் திருகு ஜாக்கிகளால் இறுக்கி வைத்திருப்பார்கள். தொழிலாளி ஒரே ஒரு பலகையை எடுப்பார். அதன் பின்னாலுள்ள மண்ணை நாலரை அங்குலம் மட்டும் வெட்டுவார். பலகையைப் புதிய இடத்தில் பொருத்தித் திருகை முடுக்குவார். பிறகுதான் அடுத்த பலகை. ஒரு சட்டத்தின் பலகைகள் எல்லாம் முன்னேறிய பின், பின்னாலிருக்கும் செங்கல் கட்டுமானத்தின் மீது முட்டுக்கொடுத்த பெரிய திருகுகள் அந்தச் சட்டத்தையே முன்னே தள்ளும். விட்ட இடைவெளியில் கொத்தனார்கள் உடனே செங்கல் வைத்துப் பூசிவிடுவார்கள்.

நாலரை அங்குலம் என்பது செங்கல்லின் அகலம், நம் கொத்தனார்கள் "நாலரைச் சுவர்" என்று சொல்லும் அதே கனம். 38 அடி அகலம், 22 அடிக்கு மேல் உயரம் உள்ள மண்முகத்தை ஒரு செங்கல்லின் அகலத்துக்கு மேல் ஒருபோதும் திறக்காமல் ஓர் ஆற்றைக் கடக்கலாம் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். எனக்கு இது பொறியியலில் மிகப் பெரிய எண்ணங்களுள் ஒன்று. ஆனால் ஐந்து முறை ஆறு உள்ளே புகுந்தது, ஆட்கள் செத்தார்கள், ஏழு ஆண்டுகள் வேலை நின்றது. இதை வெற்றி என்பதா? உங்கள் கருத்து அறிய விரும்புகிறேன்.

---

மணலாறு

நல்ல இழை, ஐயா. புரூனெலுக்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே ராதர்ஹைத்திலிருந்து லைம்ஹவுஸ் பக்கமாக 1805-இல் ஒரு கம்பெனி தோண்டத் தொடங்கியது. முதலில் ராபர்ட் வேசி, பிறகு ரிச்சர்ட் டிரெவிதிக். நீராவி எஞ்சினில் பெயர் பெற்ற அதே டிரெவிதிக்தான். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளிகளை வைத்து, ஐந்து அடி உயரமும் மூன்று அடி அகலமும் உள்ள ஒரு முன்னோட்டக் குடைவு தோண்டினார்கள். ஆள் குனிந்துதான் போக முடியும். 1,200 அடியில் 1,000 அடிக்கு மேல் முடித்துவிட்டார்கள். 1808 ஜனவரியில் ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. அப்போதிருந்த நிபுணர்கள் ஆற்றுக்கடியில் சுரங்கம் அமைப்பது ஆகாத காரியம் என்று கைவிரித்துவிட்டார்கள்.

கரையைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் நின்றுபோனது அந்த வேலை. கார்ன்வால் ஆட்களின் திறமையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் பழகியது பாறை. பாறையில் தோண்டினால் குகை நிற்கும். தேம்ஸின் வண்டலில் எது தோண்டினாலும் அடுத்த நொடியே தாங்கிப்பிடிக்க ஏதாவது வேண்டும். அந்த "ஏதாவது" என்ன என்று சொன்னவர் புரூனெல். என் ஓட்டு அவருக்கே.

---

வார்ப்பிரும்பு

மன்னிக்க வேண்டும், நான் மாறுபடுகிறேன். புரூனெல் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் கணக்கைப் பார்ப்போம். குதிரை வண்டிகள் போவதற்காகக் கட்டிய பாதை அது. வண்டிகள் இறங்கும் சாய்தளம் கட்டப் பணம் இல்லாமல், கடைசி வரை ஒரு வண்டிகூட அதில் போகவில்லை. ஒரு பென்னி கொடுத்துப் படியிறங்கி வேடிக்கை பார்க்கும் இடமாக முடிந்தது. 1865-இல் ரயில் கம்பெனி வாங்கி, 1869-இல் ரயில் விட்ட பிறகுதான் அதற்கு உருப்படியான பயன் வந்தது.

அதே 1869-இல், லண்டன் கோபுரத்துக்கு அருகே ஜேம்ஸ் ஹென்றி கிரேட்ஹெட் என்ற 24 வயது இளைஞர் தேம்ஸுக்கு அடியில் இன்னொரு பாதை தோண்டினார். டவர் சப்வே. புரூனெலின் கதைக்குப் பிறகு எந்த ஒப்பந்தக்காரரும் அந்த வேலையைத் தொட அஞ்சினார்கள். இவர் 9,400 பவுண்டுக்கு எடுத்தார். சுமார் 1,340 அடி, ஓராண்டுக்குள் தோண்டி முடித்தார். வட்டமான கவசம், ஏழடி விட்டம். பின்னால் செங்கல்லுக்குப் பதில் வார்ப்பிரும்புத் துண்டுகளைப் போல்ட் போட்டு வளையம் வளையமாகச் சேர்த்துக்கொண்டே போனார்.

ஒரு பக்கம் 18 ஆண்டுகள், இன்னொரு பக்கம் ஓராண்டு. இன்று உலகெங்கும் ஓடும் சுரங்கம் துளையிடும் இயந்திரங்கள் பெரும்பாலும் வட்டமானவை, பின்னால் துண்டு வளையங்களை அடுக்குபவை. அவை கிரேட்ஹெட்டின் பிள்ளைகள்.

---

செங்கல்சூளை

வார்ப்பிரும்பு ஐயா, ஒப்பீடு நியாயமாகப்படவில்லை. ஏழடிக் குழாயையும் 38 அடி அகலப் பெட்டியையும் ஒரே தராசில் வைக்கலாமா? மண்ணும் வேறு. கிரேட்ஹெட் ஆழமாக இறங்கி, லண்டன் களிமண் என்னும் அருமையான மண்ணில் தோண்டினார். வெண்ணெயில் கரண்டி போவதுபோல் போகும், தண்ணீரும் கசியாது. கீழே புதைமணல் இருக்கிறது, ஆற்றுப் படுகையை ஒட்டியே போங்கள் என்று புரூனெலுக்கு நிலவியலாளர்கள் சொன்னார்கள். அவரும் கேட்டார். துளையிட்டுப் பார்த்தபோது தொடர்ச்சியாகக் களிமண் இருப்பதாகத்தான் தெரிந்தது. உள்ளே போனால் சரளையும் சேறும். தலைக்கு மேல் சில அடி மண், அதற்கு மேல் ஆறு. அந்த ஆறு அன்றைக்கு லண்டனின் சாக்கடை. ஒழுகிய நீரிலிருந்து கிளம்பிய வாயு தீப்பற்றியது. தொழிலாளிகள் கண் எரிந்து, பார்வை மங்கி வெளியே வந்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில் 1827 மே 18 அன்று ஆறு முதன்முறை உடைத்தது. அப்போது 549 அடி முடிந்திருந்தது. வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் புரூனெலின் மகன் இசம்பார்ட், 21 வயது. ஒரு மூழ்குமணியை (அடிப்பக்கம் திறந்த, காற்று நிறைந்த அறை) படகிலிருந்து இறக்கி, அதற்குள் உட்கார்ந்து, ஆற்றின் அடியில் இருந்த ஓட்டையைத் தானே போய்ப் பார்த்தார். மேலிருந்து களிமண் மூட்டைகளைப் போட்டு அடைத்தார்கள். நீரை இறைத்து முடித்து, நவம்பர் 10-ஆம் தேதி சுரங்கத்துக்குள்ளேயே விருந்து வைத்தார்கள். சுரங்கம் பக்கம் பக்கமாக இரண்டு வளைவுப் பாதைகள் கொண்டது. ஒரு வளைவில் விருந்தினர்கள், பக்கத்து வளைவில் தொழிலாளிகள், ராணுவ இசைக்குழு வேறு. இரண்டே மாதம். 1828 ஜனவரி 12 அன்று மறுபடி உடைத்தது. ஆறு பேர் மாண்டார்கள். இசம்பார்ட் அடித்துச்செல்லப்பட்டு, மேலே படியருகே இழுத்துப் போடப்பட்டதால் பிழைத்தார்.

---

உறைகிணறு

பெரியவர்கள் பேசும் இடத்தில் நான் படித்து எழுதவில்லை, பார்த்ததை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கிணற்று வேலை. ஆற்று மணலில் உறை இறக்குவோம். தரையில் முதல் உறையை வைத்து, உள்ளே ஆள் இறங்கி, உறையின் விளிம்புக்கு அடியில் சுற்றிச் சுற்றி மண்ணை எடுப்போம். உறை தன் பாரத்தால் இறங்கும். மேலே அடுத்த உறை ஏறும்.

புரூனெல் ராதர்ஹைத்தில் முதலில் செய்தது இதைத்தான் என்று படம் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. 50 அடி விட்டத்தில் இரும்பு வளையம், அதன்மேல் மூன்றடி கனத்தில் 40 அடி உயரச் செங்கல் சுவர், எல்லாம் தரைக்கு மேலே. பிறகு உள்ளே தோண்டத் தோண்ட, அந்தக் கோபுரம் முழுவதும் மெல்ல மெல்ல மண்ணுக்குள் போயிருக்கிறது. ஆயிரம் டன் பாரம் என்கிறார்கள்.

செய்தவனுக்குத்தான் இதன் பயம் தெரியும். ஒரு பக்கம் களி, மறுபக்கம் மணல் என்றால் உறை சாயும். சாய்ந்துவிட்டால் உயர்ந்து நிற்கும் பக்கத்தின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து இறக்க வேண்டும், அவசரப்பட்டால் உறை பிளக்கும். ஒரு முறை பதினெட்டடியில் எங்கள் உறை ஒரு சாண் சாய்ந்தது. ஒப்பந்தம் கொடுத்தவர் சீக்கிரம் சீக்கிரம் என்று மேலே நின்று விரட்டினார். அப்பா கூடையைக் கீழே வைத்துவிட்டு, மண் என்ன சொல்கிறதோ அந்த வேகம்தான் என்று சொல்லி ஏறி வந்துவிட்டார். ஐந்து நாள் ஆனது நிமிர்த்த. 50 அடி விட்டத்தை நேராக இறக்கியவரை என்னால் தோற்றவர் என்று சொல்ல முடியாது.

அதோடு ஒரு சந்தேகம். உறைகிணற்றைப் படுக்க வைத்தால் அதுதானே வார்ப்பிரும்பு ஐயா சொல்லும் வட்டச் சுரங்கம்?

---

வார்ப்பிரும்பு

உறைகிணறு அவர்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். அப்படியே நடந்தது! டவர் சப்வேயின் மூல யோசனை பீட்டர் பார்லோ என்ற பொறியாளருடையது. அவர் 1860-களின் தொடக்கத்தில் லாம்பெத் தொங்குபாலத்துக்காக இரும்பு உருளைகளை ஆற்றுக் களிமண்ணில் இறக்கினார். செங்குத்தாக இவ்வளவு சுலபமாக இறங்குகிற உருளையைப் படுக்க வைத்துத் தள்ளினால் என்ன என்று தோன்றி, 1864-இல் காப்புரிமை எடுத்தார். அவருடைய எண்ணத்தைக் களத்தில் நடத்திக்காட்டியவர் கிரேட்ஹெட். நீங்கள் கிணற்றடியில் நின்று கேட்ட அதே கேள்வி.

வட்டம் ஏன் நல்லது என்பதற்கும் உங்கள் உறையே சாட்சி. சுற்றிலும் மண் அழுத்தும்போது வளையம் அந்த அழுத்தத்தைத் தனக்குள் வாங்கி இறுகும். தட்டைச் சுவர் வளையப் பார்க்கும்.

---

நாடித்துடிப்பு

நான் மருத்துவத் துறையில் இருப்பவள். நீங்கள் எல்லோரும் கவசத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். கவசம் மண்ணைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. பலகைகளின் இடுக்கு வழியாக நீர் வரத்தான் செய்யும். அதற்கு விடை அழுத்தக் காற்று. புரூனெலோடு கவசக் காப்புரிமையில் பெயர் சேர்த்திருந்த கடற்படைக்காரர் தாமஸ் காக்ரேன்தான் 1830-இல் அதற்கும் காப்புரிமை வாங்கினார். சுரங்கத்தை ஒரு சுவர் வைத்து மூடி, உள்ளே காற்றை அழுத்தி நிரப்பினால், ஆற்று நீரின் அழுத்தத்துக்குக் காற்று ஈடுகொடுத்து நிற்கும். ஆட்கள் போய்வர இரட்டைக் கதவுள்ள ஒரு பூட்டறை.

இதில் ஒரு தந்திரமான சிக்கல் உண்டு. நீரின் அழுத்தம் ஆழத்தோடு கூடும், பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் அளவுக்கு. காற்றின் அழுத்தமோ மேலும் கீழும் ஒன்றே. ஆறு மீட்டர் உயரச் சுரங்கத்தில் அடிப்பகுதி நீரைத் தடுக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றினால், கூரையில் அது தேவைக்கு மேல். கூரை மண் மெல்லியதாக இருந்தால் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு மேலே போகும். காற்று போனால் ஆறு வரும்.

நியூயார்க்கில் ஹட்சன் நதிக்கு அடியில் டிவிட் கிளின்டன் ஹாஸ்கின் என்பவர் கவசமே இல்லாமல், காற்றை மட்டும் நம்பித் தோண்டினார். 1880 ஜூலை 21 அன்று காற்று பிய்த்துக்கொண்டது. 28 பேர் உள்ளே. எட்டுப் பேர் பூட்டறைக்குள் ஓடிவந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் உள்கதவு இடிபாட்டில் சிக்கிக்கொண்டது. மேற்பார்வையாளர் பீட்டர் உட்லண்ட் அந்தக் கதவின் மறுபுறம். வெளிக்கதவின் கண்ணாடியை உடையுங்கள் என்று அவர்தான் கத்தினார். உடைத்தால் பூட்டறையின் காற்று வெளியேறி வெளிக்கதவு திறக்கும், எட்டுப் பேர் பிழைப்பார்கள். உள்ளே இருப்பவர்களிடம் மிச்சமிருக்கும் காற்றும் போய்விடும். தெரிந்தேதான் சொன்னார். உடைத்தார்கள். அவரோடு சேர்த்து இருபது பேர் போனார்கள். இதை எழுதும்போது என் கை நிற்கிறது.

---

புதுக்கால்வாய்

படிக்கவே நெஞ்சு கனக்கிறது, அம்மா. ஒரு கேள்வி. காற்று அழுத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு மூட்டுவலி நோய் வரும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எதனால்?

---

நாடித்துடிப்பு

தம்பி, சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்வரை வாயு நீரில் கரைந்திருக்கும். சட்டென்று திறந்தால் நுரைத்துக்கொண்டு வரும். அழுத்தக் காற்றில் பல மணி நேரம் இருந்தவரின் இரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைந்திருக்கும். வேகமாக வெளியே வந்தால் அது குமிழ்களாகிவிடும். முழங்காலில் வந்தால் வலி, முதுகுத்தண்டில் வந்தால் வாதம், மூளையிலோ நுரையீரலிலோ வந்தால் மரணம்.

அதே ஹட்சன் சுரங்கத்துக்கு 1889-இல் எர்னஸ்ட் மொய்ர் என்ற பொறியாளர் வந்தபோது, சுமார் 45, 50 பேர் கொண்ட கூட்டத்தில் மாதம் ஒருவர் இறந்துகொண்டிருந்தார். கணக்குப் போடுங்கள், ஆண்டுக்கு நாலில் ஒருவர். மொய்ர் தரைமட்டத்தில் ஓர் இரும்பு உருளை அறை அமைத்தார். வலி கண்டவரை அதில் படுக்க வைத்து மறுபடி அழுத்தத்தை ஏற்றி, மிக மெதுவாக இறக்கினார். அடுத்த 15 மாதங்களில் 120 பேரில் இருவர்தான் இறந்தார்கள். அவர் மருத்துவர் அல்லர். மருத்துவம் படித்த எனக்கு இது எப்போதும் பாடம். எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும் என்பதற்கு 1908-இல் ஜான் ஹால்டேன் அட்டவணை வகுத்தார். அந்த ஹட்சன் பாதையில் ரயில் ஓடியதும் அதே 1908-இல்தான்.

---

மணலாறு

ஆற்றை மட்டும் எதிரியாகப் பார்க்கிறோம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே செவர்ன் ஆற்றுக்கடியில் செல்லும் ரயில் சுரங்கத்தையும் சொல்ல வேண்டும். 1873-இல் தொடங்கி 1886-இல் முடிந்தது, ஏழு கிலோமீட்டர் நீளம். பாறை என்பதால் கவசம் தேவைப்படவில்லை. 1879 அக்டோபரில் நீர் வந்தது, ஆனால் நிலத்துப் பக்கம் இருந்த ஒரு பெரிய ஊற்றிலிருந்து. சுரங்கம் முழுவதும் மூழ்கியது. உள்ளே 1,000 அடி தூரத்தில் ஓர் இரும்புக் கதவு, தப்பியோடிய தொழிலாளிகள் அதைத் திறந்தே விட்டுவிட்டார்கள். அதை மூடாமல் இறைத்து மாளாது.

அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பாளர் முதலில் காற்றுக்குழாயோடு போனார். குழாய் மிதந்து கூரையில் உரசிக்கொண்டது, இழுக்க முடியவில்லை, திரும்பினார். பிறகு ஹென்றி ஃப்ளூஸ் புதிதாகச் செய்திருந்த, முதுகில் ஆக்சிஜன் சுமக்கும் கருவியை மாட்டிக்கொண்டு, குழாய் இல்லாமல், கும்மிருட்டில், தண்டவாளங்களும் இடிபாடுகளும் கிடந்த வழியில் தடவித் தடவிப் போனார். முதல் தடவை கதவை மறித்த ஒரு தண்டவாளத்தைத்தான் பெயர்க்க முடிந்தது. மறுபடி போய்க் கதவை மூடி, வால்வையும் திருகினார். அப்படியும் நீர் நினைத்தபடி வடியவில்லை. பிறகு தெரிந்தது, அந்த வால்வு இடப்புறத் திருகு, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியது. மூடியே இருந்த வால்வை அவர் திறந்துவிட்டிருக்கிறார். இன்றைக்கும் சுரங்கத்தருகே சட்புரூக் என்ற ஊரில் அந்த ஊற்றை பம்புகள் இரவுபகலாக இறைத்துக்கொண்டிருக்கின்றன.

---

வார்ப்பிரும்பு

மூன்றும் ஒன்றுசேர்ந்தது எங்கே என்று கேட்டால், செயின்ட் கிளேர் நதி. கனடாவின் சார்னியாவுக்கும் அமெரிக்காவின் போர்ட் ஹியூரனுக்கும் நடுவே, ஜோசஃப் ஹாப்சன் கட்டினார். கவசம், வார்ப்பிரும்பு வளையம், அழுத்தக் காற்று. 21 அடி விட்டக் குழாய், 6,025 அடி, முழு ரயிலே போகலாம். 1889-இல் கவசம் தள்ளத் தொடங்கி 1891-இல் திறந்தாயிற்று. புரூனெல் இறந்து ஏறக்குறைய 42 ஆண்டுகள் கழிந்திருந்தன.

செங்கல்சூளை அவர்களுக்கு ஒரு சொல். முதலில் எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். கிரேட்ஹெட்டின் பிள்ளைகள் என்றேன். ஹாப்சனின் கவசத்தைத் தள்ளியது நீரழுத்த ஜாக்கி. அது முட்டுக்கொடுத்தது பின்னால் கட்டிமுடித்த வளையத்தின் மீது. தான் கட்டியதையே உதைத்து முன்னேறும் அந்த வழி புரூனெலின் திருகுகளில் இருக்கிறது. அதை மறுக்க என்னால் முடியாது.

---

உறைகிணறு

அந்த முதல் சுரங்கத்துக்குள் இப்போது போக முடியுமா? லண்டனில் யாராவது இருக்கிறீர்களா?

---

வடகரை

நான் லண்டனில் இருக்கிறேன், இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். போக முடியும், ஐயா. ஓவர்கிரவுண்ட் என்னும் லண்டன் நகர ரயில் அதற்குள்தான் ஓடுகிறது. வாப்பிங் நிலையத்தின் நடைமேடை முனைக்குப் போய் நின்றால், குதிரைலாட வடிவில் இரண்டு வாய்கள் பக்கம் பக்கமாகத் தெரியும். நிலையத்தின் படிகள் சுற்றி இறங்குவதே புரூனெலின் அக்கரைக் கிணற்றுக்குள்தான்.

1995-இல் பழுதுபார்க்க மூடியபோது, சுவர் முழுவதற்கும் கான்கிரீட் பூசப் போகிறார்கள் என்று தெரிந்து பலர் எதிர்த்தார்கள். அதன் பலனாக அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. மீதிக்குப் பூசினாலும், ராதர்ஹைத் முனையில் ஒரு சிறு பகுதியை அப்படியே விட்டுவைத்தார்கள். இரண்டு பாதைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் குறுக்கு வளைவுகள் உண்டு, திறந்த புதிதில் அவற்றில் சின்னச் சின்னக் கடைகள் இருந்தன.

நீங்கள் சொன்ன அந்த 50 அடிக் கிணறும் ராதர்ஹைத்தில் இருக்கிறது. பக்கத்து எஞ்சின் கட்டடம் அருங்காட்சியகம். கிணற்றுக்குள் இறங்கப் படி வைத்திருக்கிறார்கள். உள்சுவரில் பழைய படிக்கட்டு சாய்வாக ஏறிய தடமும், ரயில் புகையின் கரியும் அப்படியே படிந்திருக்கின்றன. தரைக்கு அடியில் ரயில் போகும்போது காலில் அதிர்வு தெரியும். சுவரில் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது, ஈரம் இல்லை.

சனிக்கிழமை மறுபடி போகிறேன். உறை சாய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, சொல்லுங்கள்.

---

உறைகிணறு

தூக்குக்குண்டு ஒன்று கொண்டுபோங்கள், தம்பி. நூல் நீளமாக இருக்கட்டும். மேல் விளிம்பிலிருந்து சுவரை ஒட்டித் தொங்கவிட்டு, குண்டு ஆடி அடங்கியதும் மேலேயும் கீழேயும் சுவருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை விரலால் அளங்கள். நாலு திசையிலும் பாருங்கள். அளவை இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.